சொல்தா வீட்டு வாசலில் காய்ந்த வேப்பிலை

வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலை காய்ந்து போயிருந்தது.

தலையில் துணிமூட்டையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். நோணாங்குப்பத்தில் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு, பாலம் தாண்டி வெயிலிலேயே நடந்து வந்திருந்தேன். முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் பழுப்பேறிச் சுருண்டு, காற்று வரும்போதெல்லாம் சரசரவென்றது. உதிர்ந்தது பாதி படிக்கட்டில் கிடந்தது. யாரும் கூட்டவில்லை. கதவு சாத்தியிருந்தது.



காய்ந்த இலையைப் பார்த்து ஒருத்தி இப்படி அதிர்ந்து போவாளா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோன்றலாம். அதனால் அந்த இலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலை சொல்லும் சேதி

அம்மை என்று எங்கள் பக்கத்தில் வாயால் சொல்ல மாட்டோம். 'அம்மா வந்திருக்கா' என்போம். உடம்பில் போடுவதும் கொப்புளம் இல்லை, முத்து. அம்மா வந்த வீட்டில் அன்றைக்கே வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் பிச்சை கேட்டு வருகிறவன்கூடக் குரல் கொடுக்காமல் தாண்டிப் போவான். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், உப்பும் நெருப்பும் வெளியே கொடுக்க மாட்டார்கள்.

தினமும் காலையில் வீட்டில் இருக்கிறவர்கள் பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை செருகுவார்கள். அம்மா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு அந்த இலையை எடுத்துப் போய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

ஆக, வாசலில் இலை பச்சையாக இருந்தால் அம்மா உள்ளே இருக்கிறாள், அவளுக்குப் பணிவிடை நடக்கிறது. இலையே இல்லையென்றால் அவள் மனம் குளிர்ந்து போய்விட்டாள். எனக்குத் தெரிந்து இந்த இரண்டுதான். காய்ந்த இலை தொங்குகிற வாசலை அன்றுவரை நான் பார்த்ததே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததும் இல்லை. அந்த வெயிலில் நின்று நானே யோசித்தேன்.

அம்மா இன்னும் போகவில்லை. ஆனால் இலை மாற்ற உள்ளே ஒரு கையும் இல்லை.

தலையில் இருந்த மூட்டை நழுவிக் கீழே விழுந்தது.

சொல்தா வீடு

அது தெரேசுடைய வீடு. பிரெஞ்சுக் கொடி இறங்கி, நம் கொடி ஏறி, ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் இருந்தது ஆலைக்குப் பின்னால் ஒரு சின்ன தெரு. எங்கள் வீட்டுக்காரர் ஆலையில் தறி ஓட்டினார். தெருவில் முக்கால்வாசிப் பேர் ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிடுகிறவர்கள்தான்.

தெரேசின் புருஷன் மட்டும் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போனவன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரனை அப்படித்தான் சொல்வோம். அதனால் அது சொல்தா வீடு. தெருவில் அது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. தெரேசுக்கு என்னைவிட வயது குறைவு. அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பலகாரம் வரும், பொங்கலுக்கு அவளுக்குப் பொங்கல் போகும். பால்குடி மறந்த ஒரு பிள்ளை இருந்தது. மாமியார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில்.

நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது தெரேசு வாசலில் நின்று, "போய்ட்டு சீக்கிரம் வந்துடுக்கா, நீ இல்லாட்டி தெருவே வெறிச்சுனு இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள். அப்போது அவள் வாசலில் ஒன்றும் இல்லை.

"மாசேருங்க பாத்துக்கறாங்க"

எதிர்வீட்டு கன்னியம்மாக்கா முறத்தோடு வெளியே வந்தாள். தெருவில் யார் வீட்டு நல்லது கெட்டதும் அவள் வாய் வழியாகத்தான் போகும்.

"வந்துட்டியா அஞ்சல? என்னா கொழந்த?"

"பொம்பளப் புள்ள. அக்கா, தெரேசு வூட்ல..."

"ஆமாண்டி. அம்மா வந்துட்டா. நீ போன ரெண்டு மூணு நாள்ல. கிட்ட போவாத."

"இலய யாரு செருவுனது?"

"உன் வூட்டுக்காரருதான். கிறிஸ்துவ வூடா இருந்தா என்னா, தெருவுக்கு வந்தவ நம்ம அம்மாதானேன்னு அவருதான் கொண்டாந்து கட்னாரு. நல்ல காரியம்தானே?"

"புள்ள?"

"மாமியாக்காரி அன்னிக்கே தூக்கிகினு போயிட்டா."

"அப்ப உள்ள யாரு இருக்கறா?"

கன்னியம்மாக்கா முறத்தைத் தட்டினாள். "அவங்க ஆளுங்க வந்து போவாங்க. நான் மொதல்ல கூழு கொண்டாந்து படியில வெச்சேன், பொய் சொல்லல. அப்பறம் ஒரு நாளு மாசேரு ஒருத்தங்க தெரு மொனைக்கு வந்தாங்க. சரி, மடத்துல மாசேருங்க பாத்துக்கறாங்க, நம்ம தொந்தரவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

மாசேர் என்றால் கன்னியாஸ்திரி.

"மாசேரு உள்ள போனாங்களா?"

"அது... என்னைத்தான் கேட்டாங்க. அம்மா வந்திருக்கா, உள்ள போவக்கூடாது, நாங்க இருக்கறோம்னு நாந்தான் சொன்னேன். சிலுவ போட்டுகினு போனாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. முறம் தட்டுவது நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"அக்கா, இலயப் பாரு."

அவள் பார்த்தாள். எதிர்வீடு. தினமும் நூறு தடவை கண்ணில் பட்ட வாசல். இலை இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"ஐயையோ" என்றாள். 

எங்கள் அம்மன் பச்சைக்காரி

எங்கள் குலதெய்வம் பச்சையம்மன். பெயரைப் போலவே அவள் மேனியும் பச்சை. புடவை பச்சை, வளையல் பச்சை. வாழை இலையில் பந்தல் போட்டு அதன் கீழே உட்கார்ந்து அவள் தவம் இருந்தாள் என்று எங்கள் வீட்டில் கதை சொல்வார்கள். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் பச்சைக்கு ஒரு குளிர்ச்சி உண்டென்பது என் உடம்புக்குத் தெரியும்.

சின்ன வயதில் எனக்கும் அவள் வந்தாள். உடம்பெல்லாம் அடுப்பு மாதிரி எரிந்தபோது என்னை வாழை இலையில் படுக்க வைத்து, சுற்றிலும் வேப்பிலை போட்டு, வேப்பங்கொத்தால் விசிறினார்கள். அந்தக் கசப்பு வாசனையில்தான் முதன்முதலாகத் தூக்கம் வந்தது. அன்றைக்கு விட்டுப் போன தழும்புகள் இன்றும் என் முகத்தில் இருக்கின்றன. "உன் மூஞ்சி அம்மா கையெழுத்து போட்ட மூஞ்சி, ஒருத்தனும் அழிக்க முடியாது" என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒருதரம் வந்தவர்களுக்கு அவள் மறுபடி வருவதில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் உள்ளே போவதில் எனக்கு உடம்புப் பயம் இல்லை.

வேறு பயம் இருந்தது. நான் பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து நேராக வந்திருந்தேன். அந்தத் தீட்டோடு அம்மா இருக்கிற வீட்டில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அவள் கோபித்து, உள்ளே இருக்கிற உயிரை எடுத்துக்கொண்டுதான் போவாள் என்பார்கள். தெரேசு பிழைத்திருந்தால் என் காலடி பட்டே போய்விடுவாளோ என்று நான் நிஜமாகவே நடுங்கினேன். இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு அந்தப் படியில் நின்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தீட்டுடி! நோணாங்குப்பத்துலேர்ந்து வர! தொடாத!" என்று கன்னியம்மாக்கா கத்தினாள்.

"அப்ப நீ போறியா?"

"எனக்கு வந்ததில்லையேடி!"

"அப்ப வாய மூடு."

என்னைவிட மூத்தவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. தெருக்குழாயில் யாரோ வைத்திருந்த குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். மறுபடி நிரப்பி ஊற்றிக்கொண்டேன். 'தாயே, எனக்கு முடிஞ்சது இவ்ளோதான், மன்னிச்சுக்கோ' என்று சொல்லிக்கொண்டே, சொட்டச் சொட்டக் கதவைத் தள்ளினேன்.

தாழ் போட்டிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தள்ளியிருக்கலாம்.

உள்ளே

வாசனையை நான் எழுதப்போவதில்லை. ஈக்களின் சத்தத்தையும்.

ஜன்னல் மூடியிருந்தது. கண் பழக நேரம் பிடித்தது. மூலையில் பாயில் ஒரு உருவம். முகம் என்று ஒன்று தெரியவில்லை. கண் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. பக்கத்தில் கவிழ்ந்த செம்பு. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே அணைந்துபோன விளக்கு.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கும்பிட்டுவிட்டேன்கூட.

அப்போது உதடு அசைந்தது. "யாரு?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"நாந்தாண்டி. அஞ்சல."

"வந்துட்டியாக்கா" என்றாள். காய்ந்த இலையை மிதித்தால் வருகிற சத்தம் போல இருந்தது குரல். ஈரப் புடவைத் தலைப்பை அவள் வாயில் பிழிந்தேன். அதைச் சப்பிக் குடித்தாள். கொஞ்சம் குடித்த பிறகு சொன்னாள்.

"வாசல்ல பேசிகினே போறாங்கக்கா. தெனமும் கேக்குது. கன்னியம்மாக்கா குரலு கேக்குது. நான் கூப்புட்டேன். அப்பறம் கூப்புட முடியல."

என் வாழ்க்கையில் எத்தனையோ சாவு வீடு பார்த்தாகிவிட்டது. பெற்ற பிள்ளை ஒன்றையும் பறிகொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி வேறு. அழுகைகூட வரவில்லை. ஒரு தெருவே இருந்தது. கூழ் இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது, சாமிக்குப் பயந்த நல்ல ஜனங்கள் இருந்தார்கள். நடுவில் ஒரு கதவு, அதுவும் தாழ் போடாத கதவு.

இளநீரும் திட்டும்

சாயங்காலச் சங்கு ஊதி எங்கள் வீட்டுக்காரர் வந்தார். கன்னியம்மாக்கா தெரு முனையிலேயே அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் தெரேசு வாசலுக்கு எதிரில் தள்ளி நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"ஏய் அஞ்சல! உனக்கு அறிவிருக்குதா? தீட்டோட உள்ள பூந்திருக்கற! வெளிய வா!"

"வர முடியாது. எளநி வெட்டிகினு வாங்க."

"நான் என்னா சொல்றேன், நீ என்னா சொல்ற?"

"நீங்க கட்டுன எலதானே இது? நிமுந்து பாருங்க. எப்பிடி இருக்குது பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கோயில் குளம் என்றால் என்னைவிட ஒரு படி மேல். மற்றவர்கள் ஒதுங்கி நின்றபோது கிறிஸ்தவ வீடாயிற்றே என்று பார்க்காமல் கொத்து ஒடித்து வந்து கட்டியவர். நல்ல மனசோடுதான் கட்டினார். கட்டியதோடு தன் கடமை முடிந்தது, இனிமேல் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டார்.

வாயில் கையை வைத்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். இருட்டுவதற்குள் ஒரு குலை இளநீர், தலைவாழை இலைக்கட்டு, தோளில் ஒரு மரமே வருகிற மாதிரி வேப்பங்கிளை எல்லாவற்றோடும் வந்தார். படியில் வைத்துவிட்டு, "இன்னும் என்னா வேணும் சொல்லு" என்றார்.

கன்னியம்மாக்காவும் விடவில்லை. "போ, போயி படு அவ பக்கத்துல. நாளைக்கு உனக்கும் சேத்து நாந்தான் கூழு காய்ச்சணும்" என்று திட்டிக்கொண்டே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். திட்டும் நிற்கவில்லை, வெந்நீரும் நிற்கவில்லை.

பச்சை வெளிச்சம்

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தெரேசு அசைக்கக்கூடிய நிலையில் இல்லை. அந்த நோய்க்கு அன்றைக்கு மருந்தென்று ஒன்றும் இல்லை, தண்ணீரும் சுத்தமும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் மருந்து என்று பின்னால் ஒரு டாக்டரே என்னிடம் சொன்னார். வராமல் இருக்கக் கையில் ஊசி குத்திக்கொள்வது ஒன்றுதான் வழி. குத்த வந்தவர்களைக் கண்டு நாங்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தோம். இப்போது அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்கிறார்கள். அதுவும் அவள் அருள் என்றுதான் நான் கும்பிடுகிறேன்.

வாழை இலையில் தெரேசைப் புரட்டிப் படுக்க வைத்தேன். ஆறின வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணை ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறது என்று துடித்தாள். மூடினால் எனக்கு மூச்சு முட்டியது. என்ன செய்வது? எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்த கிளையை அப்படியே ஜன்னலில் தொங்கவிட்டேன். காற்று இலை வழியாகக் கசந்து வந்தது. வெளிச்சமும் வடிகட்டின மாதிரி வந்தது. அறை முழுக்க ஒரு பச்சை. குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இலை வாடுவதற்குள் மாற்றினேன். வாசலிலும் மாற்றினேன். இப்படிச் சில நாட்கள் போயின. ஒரு காலையில், வலது கண் கொஞ்சம் பிளந்தது.

"அக்கா, நான் செத்துட்டனா?"

"ஏண்டி?"

"எல்லாம் பச்சயா இருக்குது. மோட்சம் மாதிரி."

"மோட்சம் இல்லடி. வேப்பெல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உள்ளே நுழைந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை எல்லாம் வந்தது.

இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதை மீட்க முடியவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தவர்கள் எல்லாருக்கும் நெற்றியிலிருந்து பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண் கூசாமல் இருக்குமாம். நான் அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் பிள்ளை மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தது. மயக்கம் இல்லை. படித்தவர்கள் துணியில் செய்வதை எங்கள் அம்மன் இலையில் வைத்திருக்கிறாளே என்று மெய் சிலிர்த்துப்போயிற்று. பச்சை எங்கே இருந்தாலும் புண்பட்ட கண்ணுக்கு அது தாய் மடிதான். இதை நான் யாருடனும் வாதாட மாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

மாமியார் வந்த நாள்

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று, அரியாங்குப்பத்திலிருந்து மாமியார் வந்தார். நல்ல மனுஷி. கையில் பழம், முகத்தில் சிரிப்பு. வாசலில் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கள்லாம் இருக்கற தைரியத்துலதான் நான் புள்ளயப் பாத்துகினு நிம்மதியா இருந்தேம்மா. நடுவுல ஆளனுப்பிப் பாத்தேன். வாசல்ல வேப்பெல கட்டியிருக்குது, இந்து சனங்க அவங்க மொறப்படி நல்லா பாத்துக்கறாங்கன்னு வந்து சொன்னான். நடுவுல நாம பூந்து கெடுக்கக் கூடாதுன்னு வரல."

பின்னால் நின்ற கன்னியம்மாக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இலையைப் பார்த்து நாங்கள் அவர்கள் வருவார்கள் என்று இருந்தோம். இலையைப் பார்த்து அவர்கள் நாங்கள் இருக்கிறோம் என்று இருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதை நினைக்கத்தான் இன்னமும் எனக்கு உடம்பு பதறுகிறது. கெட்டவர்கள் செய்ததென்றால் சபித்துவிட்டாவது போகலாம்.

"உங்க மருமக செத்துப் பொழச்சிருக்கா பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை தெரேசின் தலையில் ஊற்றினோம். அவள் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். தெருவே கூடியிருந்தது. அவள் ஒற்றைக் கண்ணால் நிலையை நிமிர்ந்து பார்த்தாள். அன்று காலையில்தான் நான் செருகிய புது இலை. பளபளவென்று இருந்தது.

கையை நீட்டிப் பிடுங்கினாள். பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

கூட்டம் ஒரே குரலாக 'ஹா' என்றது. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அம்மன் இலை மண்ணில் கிடக்கிறது. எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது.

"என்னாடி பண்ற!" என்று கன்னியம்மாக்கா அலறினாள்.

"இது தொங்குனதாலதானே நீ வரல?" என்றாள் தெரேசு. கத்தவில்லை. கேட்டாள். "அது என்னா தப்புப் பண்ணுச்சு, சொல்லு. காஞ்சு காஞ்சு உங்கள கூப்புட்டுகினேதான் இருந்துச்சு."

அவளே குனிந்தாள். குனிய முடியாமல் குனிந்து, அந்த இலையைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். மாமியார் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

மரத்தில் இருக்கிற வரை

அன்றிலிருந்து நான் பச்சையை வேறு மாதிரி பார்க்கிறேன். மரத்தில் இருக்கிற வரைக்கும் அந்தப் பச்சையை அம்மன் பார்த்துக்கொள்கிறாள். வேர் இருக்கிறது, மழை இருக்கிறது, அவளுக்குத் தெரியும். நாம் ஒடித்து வாசலில் வைத்துவிட்டால் அப்புறம் அது நம் பொறுப்பு. ஒரு நாளைக்கு மேல் தானாகப் பச்சையாக இருக்க அதனால் முடியாது. யாராவது நடந்து போய்ப் பறித்து வர வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். குணப்படுத்துகிற பச்சை அதுதான் என்று எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, வெயில் காலத்தில் அம்மா மறுபடி தெருவுக்கு வந்தாள். இந்தத் தடவை கன்னியம்மாக்கா வீட்டுக்கு. மருமகளுக்கு முத்துப் போட்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வேறு. கன்னியம்மாக்கா தானே இலையைச் செருகிவிட்டு, நடுங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, முதல் சங்கு ஊதின கையோடு நான் வேப்பிலையோடு கிளம்பினேன். எனக்கு முன்னாலேயே அந்தப் படியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் தண்ணீர்க் குடம், கை நிறைய வேப்பங்கொத்து. முகம் முழுக்க என் முகத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

"கன்னியம்மாக்கா, கதவத் தெற."

"வராதடி தெரேசு" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது. "உள்ள அம்மா இருக்கா."

"தெரியும். அவள எனக்கும் பழக்கந்தான். தெற."

"நேத்துதானேடி எல கட்டுனேன். இன்னும் பச்சயாத்தானே இருக்குது?"

"காயறதுக்குள்ளதான் வரணும்" என்றாள் தெரேசு. "தெறக்கா."

உள்ளே தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.